நீ அனுப்பிய செயினும் உன் அம்மாவின் கையும்

ஆம்பூர்,
14-8-1984

மஸ்கட்டில் இருக்கும் மகன் கிருஷ்ணராஜுக்கு உன் அப்பா பக்தவச்சலம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுத முடியாது. உன் அம்மாவுக்கு வலது கை முறிந்து மாவுக்கட்டு போட்டுப் பதினோரு நாள் ஆகிறது. உயிருக்கு ஒன்றும் பயமில்லை. நீ பதறிப்போய் நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கு டிரங்க் கால் போட்டுவிடாதே, முதலாளி ரூமில் கைகட்டி நின்றுகொண்டு உன்னோடு பேச எனக்கு இஷ்டமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

கை எப்படி முறிந்தது என்று கேட்பாய். நீ அனுப்பிய செயினால் முறிந்தது. நான் உன்னிடம் கேட்டது என்ன? லாங் பஜாரில் விற்கிற செயின் ஆறு மாசத்தில் நீண்டு தொய்ந்துவிடுகிறது, அங்கே ஜப்பான் சரக்கில் புல்லட்டுக்குச் சாதாரண செயின் ஒன்று கிடைத்தால் ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றுதான் எழுதினேன். நீ என்ன செய்தாய்? சாதாரண செயின் வேண்டாம்பா, ஒவ்வொரு கண்ணியிலும் ரப்பர் வளையம் போட்டு உள்ளே கிரீசை அடைத்து மூடின செயின் வந்திருக்கிறது, உப்பும் தூசியும் உள்ளே போகாது, அதுதான் உங்களுக்குச் சரி என்று எனக்கே பாடம் எடுத்தாய். மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று பச்சைத் தோல் வாங்க இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் நான். தோல் மண்டி வாசலில், தோல் அழுகாமல் இருக்கத் தூவின உப்பு எப்படிக் கொட்டிக் கிடக்கும், அது செயினை எப்படித் தின்னும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டும், நீ எனக்குச் சொல்கிறாய். சைக்கிள் செயின் கழன்றால் மூக்கைச் சிந்திக்கொண்டே வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தவன்தானே நீ. ஏசி ரூமில் உட்கார்ந்து கேட்லாக் புரட்டினால் எல்லாம் தெரிந்துவிடுமா? திறந்து பார்க்க முடியாத சாமானை நான் நம்புவதில்லை, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. ஆனாலும் நீ அனுப்பியதாயிற்றே என்று மாட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் குடியாத்தத்தில் உன் தங்கச்சி மனோரமாவைப் பார்க்கக் கிளம்பினோம். மாதனூர் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். செயின் இணைப்பு விட்டு, முன்னால் பல்சக்கரத்தில் சுருட்டிக்கொண்டு, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. எனக்கு முட்டி தேய்ந்ததோடு சரி. உன் அம்மா மடியில் இருந்த மாங்காய் ஊறுகாய் ஜாடியைக் காப்பாற்றப் பார்த்துக் கையை ஊன்றி விழுந்தாள். ஜாடியும் உடைந்தது, கையும் போயிற்று. ரோட்டில் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, உனக்கு அது கேட்டிருக்காது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் உன் லட்சணத்தை நான் சொல்லிவிட்டேன், ஒளிக்கவில்லை. ஆனால் உன் அம்மா இருக்கிறாளே, கட்டுப் போட்ட கையோடு உனக்கு வக்காலத்து வாங்குகிறாள். எம் புள்ள இன்னா பண்ணுவான், கடக்காரன் ஏமாத்திட்டான், அவன் ஆசையாத்தான் அனுப்சான் என்கிறாள். நான் காய்கறி வாங்க மறந்தாலே ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், அது உனக்கே தெரியும். உன் விஷயத்தில் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வருகிறதோ. வலது கை இல்லாததால் மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். ராஜுவத் திட்டி எழுதிடாதீங்க என்று வாய்க்கு வாய் சொல்லிவிட்டுத்தான் முழுங்குகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று மெக்கானிக் கவுஸ் பாஷா கடைக்குப் போனேன். அந்தச் செயினை மடக்கி மடக்கிப் பார்த்தார். இன்னா சார், இதப் போய் காய்ச்சிட்டீங்களே என்றார். ஆமாம், காய்ச்சினேன். எந்தச் செயினையும் நான் மாசம் ஒரு தடவை கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஷாப்பிலிருந்து கொண்டுவந்த கொழுப்பில் போட்டு அரை மணி நேரம் காய்ச்சித்தான் மாட்டுவேன், ஆம்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறோம். உன் ரப்பர் வளையமெல்லாம் வெந்து உப்பி, கண்ணிகள் விறைத்துப் போயிருக்கின்றன. இணைப்பில் இருந்த நாலு சின்ன வளையம் கழன்று வந்தது, குப்பை என்று வீசிவிட்டேன். அது இல்லாமல்தான் இணைப்பு ஆடி ஆடி விட்டுப்போயிற்று என்கிறார். வீட்டுக்கு வந்து, செயினோடு வந்த உன் கடிதத்தை எடுத்தேன். முதல் பக்கத்தை அன்றே அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். இரண்டாம் பக்கம் செயினைப் பற்றி என்று தெரிந்ததும் இவன் யார் எனக்குச் சொல்ல என்று மடித்துவைத்தவன் நேற்றுதான் பிரித்தேன். காய்ச்சக் கூடாது, மண்ணெண்ணெய் கூடாது, துடைத்து எண்ணெய் தடவினால் போதும் என்று கொட்டை எழுத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். அப்பாவுக்குக் கண் அவிந்துவிட்டது என்று நினைத்தாயா? இதற்காக நீ ஜெயித்துவிட்டதாகவும் நினைக்காதே.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று நேற்று ராத்திரி ஒரு தடவை, இன்று காலை ஒரு தடவை ஆரம்பித்தேன். சோற்றுக்காக அவள் வாயைத் திறக்கிறாள், நான் சோற்றை வைத்துவிடுகிறேன். அதனால் நீ எழுது. செயின் நல்ல செயின், அப்பாதான் எழுதியதைப் படிக்காமல் காய்ச்சிக் கெடுத்தார் என்று உன் அம்மா பேருக்குப் பட்டவர்த்தனமாக எழுது. என் மரியாதையைப் பார்த்து மழுப்பினாயோ, உன்னோடு எனக்குப் பேச்சே கிடையாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். காட்டுகிறேன்.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு நிறைய உண்டு, என்னுடையதும் இல்லாமல் போகவில்லை. கட்டுப் பிரிக்க இன்னும் நாலு வாரம் என்கிறார்கள், அதற்குள் கடிதம் வந்து சேர வேண்டும். அவள் என் கையால் சாப்பிடுகிற நாளிலேயே இதைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பக்தவச்சலம்