மாப்பிள்ளைக்கு ஏற்ற மாட்டுக்கறி

மகளே,

பாங்காக்கில் நீயும் பேத்தியும் சுகந்தானே? உன் புருஷன் கிரெய்க் தனியாக வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான்.

போன சொங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகைக்கு வந்தபோது, விடியற்காலைச் சந்தையில் வெட்டிச் சூடு ஆறாத மாட்டுக்கறியை வாங்கிச் சுட்டான். தாடை வலிக்க மென்றுவிட்டு நாய்க்குப் போட்டான். இஞ்சினியராம்! "அவருக்கு நம் ஊர்க் கறி இறங்காது, அதனால்தான் அங்கே குடிவர முடியவில்லை" என்று நீயும் ஒரு வருடமாக எழுதுகிறாய்.

குவான் இம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு நான் மாட்டுக்கறியை விட்டு முப்பது வருடமாகிறது. ஆனாலும் கறிக்கடை தோங்தியிடம் போய், மாப்பிள்ளைக்கு எந்தக் கறி ஆகும் என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"அக்கா, காலையில வெட்டுனது கொத்திக் காரம் போட்டுப் பிசையத்தான் ஆகும், சுட ஆகாது. வெள்ளைக்காரனுக்குன்னா மூணு வாரம் குளிர் அறையில தொங்கிப் பதமாகணும். பக்கத்து ஊர் மாடு வளர்க்கறவங்க சங்கத்துல விக்கிறாங்களே, தெரியாதா?"

அஞ்சாம் வகுப்புக்காரி நான் ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டேன். படித்த நீங்கள் இரண்டு பேரும் கேட்கவேயில்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கி வந்தேன். பெருவிரல் கனத்தில் இரண்டு துண்டு. கிரெய்க் இரண்டையும் சுட்டுத் தின்று விரலை நக்கினான்.

"அத்தை, கறி இல்லேன்னாலும் நான் எப்பவோ வந்திருப்பேன். அவதான் வேண்டாங்கறா."

நான் தட்டைக் கழுவினேன்.

கறி என்ற சாக்கு தீர்ந்தது. அடுத்த சாக்கை நன்றாக யோசித்து எழுது. சாக்கு கிடைக்காவிட்டால், பேத்திக்கு நம் ஊர்ப் பேச்சு மறப்பதற்குள் வந்து சேர். புத்தர் நோன்பு நாள் தவிர எல்லா நாளும் சங்கத்தில் கறி உண்டு.

உன் அம்மா