இடது காது

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். கீழ்த் தொட்டியில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரான கீழ் வீட்டு கஸ்தூரி அக்கா மாடியேறி வந்து சொன்ன பிறகுதான் அணைத்தேன். எனக்குக் கேட்கவே இல்லை.

பைலட் உரிமத்துக்கான சட்டத் தாள் முடிவு வந்தது. தேறிவிட்டேன். வானிலை, திசையறிதல், ரேடியோ எல்லாம் போன முறையே முடிந்தது. மீதி இரண்டே: உடல் பரிசோதனை, பறந்து காட்டுவது.

அக்காவிடம் சொன்னேன். போட்ஸ்வானாவில் ஆறு வருடம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சின்ன விமானம் ஓட்டியவளுக்கு இங்கே எதற்கு மறுபடி பரீட்சை என்று அவருக்கு நெடுநாள் சந்தேகம். அந்த நாட்டு உரிமம் இந்த நாட்டில் செல்லாது, மாற்றி வாங்க வேண்டும் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

"எங்க மச்சினன் துபாய்ல வண்டி ஓட்டிகினு இருந்தான். இங்க வந்து மறுபடியும் எட்டு போட்டுத்தான் லைசென்ஸ் வாங்குனான். அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான் என்றேன். இனி யார் கேட்டாலும் இதையே சொல்லலாம்.

என் கணவருக்கு இன்று செகண்ட் ஷிப்ட். நேற்றைய மீன் குழம்பு இருக்கிறது. சோறு மட்டும் வைத்தால் போதும்.

ஜூலை 10, வியாழன்

பூந்தமல்லி. காது மூக்கு தொண்டை டாக்டர். பெங்களூரில் பெரிய பரிசோதனைக்குப் போகும் முன் நாமே ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோமே என்று போனது. கண், ரத்தம், இதயம் போன வாரமே சரி. காது சும்மா ஒரு பேருக்கு என்றுதான் நினைத்தேன்.

பரிசோதனைத் தாளில் வலது காதுக் கோடு நேராகப் போகிறது. இடது காதுக் கோடு கடைசியில் தொப்பென்று விழுகிறது.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். விமானத்தில் பைலட் உட்காருவது இடப்பக்கம். அந்த ஊர் வெயிலுக்கு பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைத்திருப்போம். முதல் இரண்டு வருடம் கம்பெனி கொடுத்த ஹெட்செட்டில் பஞ்சு பிய்ந்திருந்தது. அப்போது இளமை, எதுவும் ஆகாது என்ற நினைப்பு.

இரைச்சலால் போனது, திரும்பி வராது, மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விதியில் உள்ள எல்லையைத் தாண்டிவிட்டதா என்று கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினார். தாண்டிவிட்டது.

திரும்பும்போது தண்டலத்தில் காலேஜ் பஸ்கள் வழியை அடைத்து நின்றன. ஒவ்வொரு காதாகப் பொத்தி கண்டக்டர் விசிலைக் கேட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சொன்னேன். காலை காபியோடு.

"இதுக்கா ராத்திரி பூரா உறங்காம கெடந்த?" என்றார். சிரிப்பு வேறு.

அவர் ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். கார் பாகங்களுக்குத் தகடு அடிக்கும் இடம். அங்கே வருடா வருடம் எல்லோருக்கும் காது பரிசோதிப்பார்களாம். இவர் சில வருடமாகவே காதால் தேறவில்லையாம். கண்ணால் தேறுகிறாராம்.

"கண்ணாடி ரூமுக்குள்ள நம்மள உக்கார வச்சிருவாங்க. வெளிய மெஷின்ல அந்த ஆளு சத்தம் விடுதப்போ தோளு அசையும். தோளு அசஞ்சா பட்டன அமுக்கு. அம்புட்டுதான்."

பஸ்ஸில் சீட் பிடிக்கும் வழியைச் சொல்வது போலச் சொன்னார். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு கேட்கும் என்று கேட்டேன்.

"நீ கத்தித்தான பேசுத. எனக்கு என்ன கொறச்சல்?"

நான் கத்திப் பேசுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவர் விளாத்திகுளத்துக்காரர், அந்தப் பக்கம் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். இரண்டு அரைச் செவிடுகள், ஒருவர் கத்தலை மற்றவர் குணம் என்று எண்ணிக்கொண்டு.

கம்பெனிக்குத் தெரிந்தால் பிரஸ்ஸிலிருந்து மாற்றிவிடுவார்கள். லைன் லீடர் பதவிக்கு அவர் பெயர் அடிபடும் நேரம். அதனால்தான் வாயைத் திறக்கவில்லையாம். என்னிடமுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவருக்கு லீவு. பயிற்சி!

போனில் காது பரிசோதிக்கும் ஆப் ஒன்றை இறக்கினார். எனக்கு இயர்போன். அவர் எனக்குப் பின்னால் ஸ்டூலில். பீரோ கண்ணாடியில் அவர் தோள் தெரியும். தோள் அசைந்தால் நான் மேசையைத் தட்ட வேண்டும். முதலில் பாதிதான் சரியாக வந்தது. உடனே தட்டக்கூடாது, ஒரு மூச்சு விட்டுத் தட்டு, அப்போதுதான் இயல்பாக இருக்கும் என்று திருத்தினார். நல்ல வாத்தியார். சாயங்காலத்துக்குள் ஒன்றுகூடத் தவறவில்லை.

சந்தோஷத்தில் அவரே டீ போட்டார். எனக்கு இறங்கவில்லை.

யோஹான் ஞாபகம். அங்கே எங்கள் கம்பெனியில் மூத்த பைலட். அவருக்குக் காது மந்தம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். ஒருநாள் மழை கட்டிக்கொண்டு வந்தது. அவர் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் சும்மா வந்துகொண்டிருந்தேன். ஒரு மண் ஓடுபாதையில் இறங்கப் போகிறோம். அதே பாதையின் மறுமுனையிலிருந்து கிளம்புவதாக இன்னொரு விமானம் ரேடியோவில் சொல்லிற்று. யோஹான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறக்கிக்கொண்டே இருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். விமானத்தை மேலே தூக்கிவிட்டார். கீழே அது கடந்து போனது. பின் இருக்கையில் ஒரு குடும்பம், அம்மா மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தரையிறங்கியதும் தனக்கும் கேட்டதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். வேலை போய்விடுமே என்ற பயம், அவ்வளவுதான்.

இதை இவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

பெங்களூருக்கு எடுத்துப் போக:
பழைய உரிமம், பறந்த மணிக்கணக்குப் புத்தகம்
பாஸ்போர்ட், ஆதார், போட்டோ
கண்ணாடி (படிக்க)
ஸ்வெட்டர்
தலைவலி மாத்திரை
இட்லி, பொடி தடவி

டோல்கேட் வரை அவர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். பஸ் ஏறும்போது, தோள், மறந்துவிடாதே என்றார். தலையாட்டினேன்.

ஜூலை 16, புதன், பெங்களூர்

தூறல். ஸ்வெட்டர் நல்ல யோசனை.

காலையெல்லாம் மற்றவை. கண், பல், எக்ஸ்ரே, ஓடவிட்டு நெஞ்சு பார்த்தது. எல்லாம் சரி. மத்தியானம் காது.

அவர் சொன்ன மாதிரியேதான். சின்ன அறை, கண்ணாடி, வெளியே ஆபரேட்டரின் தோள். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் போதும், நன்றாகத் தெரிந்தது. வலது காது முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே எனக்குப் பார்க்கத் தேவையே இல்லை, இருந்தும் பார்த்தேன். இடது காது ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மௌனம். ஒரு சத்தம். மறுபடி நீளமான மௌனம். அந்த மௌனத்துக்குள் அவர்கள் என்னென்னவோ ஒலிகளை அனுப்பிக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். பட்டன் மேல் விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். 

எல்லை தாண்டியது. பூந்தமல்லியில் விழுந்த அதே இடத்தில்.

விமானப்படைச் சீருடையில் ஒரு பெண் டாக்டர். ஏன் கண்ணை மூடியிருந்தீர்கள் என்று கேட்டார். திறந்திருந்தால் ஆபரேட்டரின் தோள் தெரிகிறது என்றேன். எழுந்து போய் என் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டார். நாளைக்கு இன்னொரு சோதனை, விமான இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்பது. அதிலும் தவறினால் தகுதியில்லை என்று எழுத வேண்டிவரும் என்று மெதுவாகச் சொன்னார்.

ராத்திரி வீட்டிலிருந்து அவர் போன் பண்ணினார்.

"கண்ணாடி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பொறவு?"

"கண்ண மூடிக்கிட்டேன்."



"சாப்ட்டியா?" என்றார்.

ஜூலை 17, வியாழன்

ஹெட்போனில் என்ஜின் இரைச்சல். அதற்குள்ளே ஓர் ஆண் குரல். சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை.  பிறகு கை தானாகத் தொடைமேல் போய் உட்கார்ந்தது, ஓட்டும்போது இருப்பது போல. அந்த இரைச்சல் எனக்குப் புதிதில்லை. ஆறு வருடம் அதற்குள்ளேதான் குடியிருந்தேன். உயரம், திசை, காற்றின் வேகம் என்று எண்கள் வரும் வரிசை எனக்குத் தெரியும். ஒன்று வந்தால் அடுத்தது என்னவாக இருக்கும் என்று காது முன்கூட்டியே எழுந்து நிற்கிறது. எண்கள் எல்லாம் சரி. சம்பந்தமில்லாத சொற்களாக அடுக்கியபோதுதான் திணறினேன். இரண்டு தவறு.

வராந்தாவில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான கேப்டன் மலையாளத்தில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், கொலஸ்ட்ரால் பற்றி.

தகுதி உண்டு. இடது காதை வருடா வருடம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நல்ல ஹெட்செட்டாக வாங்குங்கள் என்றார். அடுத்த வருடம் வரும்போது கண்ணை மூட வேண்டியிருக்காது, அந்தக் கண்ணாடிக்குத் திரை போடச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னார்.

கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு மசால் தோசை.

ஜூலை 18, வெள்ளி

பிள்ளைப்பாக்கம், வீட்டுக்கு வந்தாயிற்று. ஆடி வெள்ளி, அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலையிலிருந்தே. கஸ்தூரி அக்கா தூக்குவாளி நிறையக் கூழ் கொண்டுவந்தார். முகத்தைப் பார்த்தே, "எட்டு போட்டுட்ட போலக்கீதே" என்றார். பாதி எட்டு என்றேன்.

அக்கா போன பிறகு இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யோஹான் கதையையும் இப்போது சொன்னேன். கோபமில்லை. ஆனால் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன மாசம் போர்க்லிப்ட் வண்டி ஒண்ணு பின்னால ரிவர்ஸ்ல வந்துச்சு. ஆரன் அடிச்சிருக்கான். எனக்குக் கேக்கல. கூட நின்ன ஆளு சட்டையப் பிடிச்சு இழுத்துட்டான்."

நீலச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஆணி மாட்டியதாகச் சொன்னார் அப்போது. நான்தான் தைத்தேன்.

 தட்டை வாங்கி வைத்தேன்.

ஜூலை 28, திங்கள்

அவரே கம்பெனி டாக்டரிடம் போயிருக்கிறார். யாரும் கூப்பிடாமல். மறுபடி பரிசோதிக்கச் சொல்லி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாராம்.

பிரஸ்ஸிலிருந்து ஸ்டோருக்கு மாற்றம். லைன் லீடர் வேறொருவர். இவரிடம் வேலை பழகியவர்தான்.

வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். எனக்குக் கதவைத் திறக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. சாப்பிடவில்லை. ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவதாகப் போனார். நானும் கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் இரண்டு பஜ்ஜிப் பொட்டலம்.

"ஸ்டோர்ல அம்புட்டு அமைதி. உக்காந்தா உறக்கம் வருது" என்றார்.

குற்ற உணர்ச்சியா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது. நிம்மதியும் இருக்கிறது, அதைவிடக் கூடுதலாக.

ஆகஸ்ட் 9, சனி

பூந்தமல்லி, இருவருமாக. அவருக்கு இரண்டு காதும் மந்தம். மெஷின் வைத்தால் நல்லது என்கிறார் டாக்டர். யோசிக்கிறேன் என்று எழுந்துவிட்டார். பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவர் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார், கேட்காமலே.

மைசூர் பயிற்சிப் பள்ளியில் தேதி கொடுத்துவிட்டார்கள். சில நாள் பழகிக்கொள்ளப் பறப்பது, பிறகு சோதனை.

ஆகஸ்ட் 21, வியாழன், மைசூர்

காற்று குறைவு. மேகம் உயரத்தில். இரவுப் பறப்பு நேற்றே முடிந்துவிட்டது, இன்று பகல் சோதனை.

பரிசோதகர் என்னைவிட இளையவர், கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். கிளம்பி மேலே போனதும் கரும்புக் காடு, அப்புறம் சாமுண்டி மலை. இந்த மண்ணுக்கு மேலே பறந்து பழக்கமில்லாததால் இந்த வாரம் முழுக்க ஊர்களையும் ஏரிகளையும் குழப்பிக்கொண்டே இருந்தேன். இன்று குழப்பவில்லை. விமான நிலைய டவரில் ஒரு பெண் குரல், இங்கிலீஷ்தான், ஆனால் நம் ஊர் ராகம். அங்கே இத்தனை வருடம் கேட்ட எந்தக் குரலும் எனக்கு இவ்வளவு லேசாகப் புரிந்ததில்லை.

என்ஜின் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று திடீரென்று சக்தியைக் குறைத்தார். இறங்க வயல் ஒன்றைத் தேர்ந்தேன், மின்கம்பி இல்லாத பக்கம். தலையசைத்தார். திரும்பி வந்து இறங்கியபோது சக்கரம் தொட்டதே தெரியவில்லை என்று சொல்ல ஆசை. தெரிந்தது. ஒரு குதி குதித்தது. அவர் எழுதிக்கொண்டார்.

விமானத்தை நிறுத்தி என்ஜினை அணைத்த பிறகுதான் கை நீட்டினார். தேர்ச்சி. இனி உரிமம் வீட்டுக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

மைசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவருக்குப் போன் பண்ணினேன். இங்கே கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே ஸ்டோரில் லாரி ஏதோ லோடு இறக்கிக்கொண்டிருந்தது.

"பாஸ்" என்றேன்.

"எது?"

"பாஸ். பாஸ் ஆயிட்டேன்."

"பஸ்ஸா? பஸ்ஸு எத்தன மணிக்கு?"

இன்னொரு முறை கத்தினேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு மறுபடியும் பஸ்தான் கேட்டது. சரி, நேரில் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"ஆமா, பஸ்ஸுதான். ராத்திரி கெளம்புது. விடியக்காலம் வந்துருவேன்."

"சரிட்டி. டோல்கேட்ல வந்து நிக்கேன்" என்றார்.