ஆறு மாதம் மட்டும் நிற்கும் ரயில்

மதுரை ஜங்ஷன்,
தை 8, வியாழக்கிழமை.

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு,

அம்மா சோலையம்மாள் எழுதுகிறேன். நானும் வீடும் சுகம். அங்கே டல்லாஸ் குளிரில் நீயும் மருமகள் சத்யப்ரியாவும் சளி, காய்ச்சல் என்று படுத்துவிடாமல் இருக்க அய்யனாரைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சத்தம் போட்டாய். தினமும் ஜங்ஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்க அப்படி என்ன வேலை, பார்க்கிறவர்கள் நாலு விதமாகப் பேச மாட்டார்களா என்று கேட்டாய். பார்த்தவன் ஒரே ஆள்தான், அடுத்த வீட்டு பாண்டிராஜ். காரில் சவாரி இறக்க வந்தவன் உள்ளேயும் எட்டிப் பார்த்து உன்னிடம் சொல்லியிருக்கிறான். போனில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், விஷயம் வராது. அதனால் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் அதற்கும் பாண்டிராஜிடம்தான் போக வேண்டும். அவன் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவான். தபாலிலேயே வரட்டும்.

நம்மூரில் இப்போது ரயில் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா? அது ஆறு மாதத்துக்கு மட்டும். மார்ச் 31 வரை டிக்கெட் எத்தனை விற்கிறது என்று பார்ப்பார்களாம். குறைந்தால் பழையபடி நிற்காமல் போய்விடும். டிக்கெட் கொடுக்கிற சிவனாண்டி தினமும் எண்ணிக்கை சொல்வார். திங்கட்கிழமை பதினொன்று. செவ்வாய் ஏழு. பொங்கல் அன்றைக்கு நான் ஒருத்திதான்.

போன மாதம் ஊர்க் கூட்டத்திலும் இதே பேச்சு. ஏழு பேருக்காக ரயிலை நிப்பாட்டுறதுக்கு நல்ல சர்வீஸ் ரோடு கேட்டு வாங்குவோம், வீட்டுக்கு வீடு வண்டி கெடக்குல்ல என்றான் பாண்டிராஜ். பாதிப் பேர் கை தட்டினார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம். வண்டி கெடக்கு மாப்ள, ஓட்ட ஆளு இல்லாத வீடு எம்புட்டு இருக்குன்னு எண்ணுனியா என்று கேட்டேன். அதற்கு யாரும் கை தட்டவில்லை.

நீயும் அவன் கட்சிதான் என்று எனக்குத் தெரியும். ரோடு போடுவது உன் பிழைப்பு. காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு திரிவது நஷ்டம், அந்தச் செலவில் எத்தனையோ ஊருக்கு ரோடு போடலாம் என்றாய். நஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் சத்துணவில் தலை எண்ணி முட்டை போட்டவள் நான். அடைமழையில் ஒரே ஒரு பிள்ளை வந்த நாளிலும் அடுப்பைப் பற்றவைத்தேன். அதுவும் நஷ்டம்தான். ஆனால் வந்த பிள்ளைக்குப் பசித்ததே.

ரோட்டைக் குறை சொல்வதாக நினைக்காதே. நாலுவழிச்சாலைக்கு நம் கிழக்கு வயலை உன் அப்பா முகம் சுளிக்காமல் கொடுத்தார். நம்ம பய வந்து போக நல்ல ரோடு வேணும்ல என்றார். நீயும் வந்தாய், அவர் இறந்த மறுநாள். ஏர்போர்ட்டிலிருந்து அரை மணியில் வந்துவிட்டானே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். காரியத்தை மூன்றாம் நாளே முடித்துக்கொண்டு, ஐந்தாம் நாள் அதே ரோட்டில் போய்விட்டாய். மூன்று வருஷம் ஆகிறது. ரோடு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு மதுரை பஸ் ஏற அந்த ரோட்டைக் கடக்க வேண்டும். போன வருஷம் ஒருநாள் பாதி தூரம் கடந்து, நடுவில் இருக்கிற தடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. யாரோ ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். அதோடு வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். நாலு நாளாக நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. உனக்கு இதைச் சொல்லவில்லை.

அப்புறம்தான் நம்மூரில் ரயில் நிற்க ஆரம்பித்தது. அக்கா, எண்ணிக்கைக்கு டிக்கெட் எடுத்தாப் போதும், நீங்க வீட்டுக்குப் போங்க என்பார் சிவனாண்டி. சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். வீட்டுக்குப் போய் நான் என்ன செய்ய? ஏறிவிடுகிறேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து மைதீன் பீவி என்று ஒருவர் வருகிறார். மதுரையில் ஒரு கடைக்கு நைட்டி தைக்கப் போகிறவர். பையை வைத்து எனக்கு இடம் போட்டிருப்பார். மகள் கல்யாணம், தையல் மிஷின் தொல்லை, என் முட்டி வலி என்று ஜங்ஷன் வரும்வரை பேச்சு ஓயாது. அவர் கடைக்குப் போய்விடுவார். சாயங்கால ரயிலுக்குத் திரும்பி வருவார். அதுவரை நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை. இந்தக் கடிதத்தையும் இந்த பெஞ்சில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ரயில்வே போலீஸ் பொண்ணு ஒருத்தி வந்து, அம்மாச்சி, தெனமும் இங்கனயே இருக்கீகளே, யாருக்குக் காத்திருக்கீக என்று கேட்டாள். அம்மாச்சியாம், நான். இன்னும் அம்புட்டு வயசு ஆகவில்லை எனக்கு. அந்தக் கடுப்பிலோ என்னவோ, என் மகன் வாரான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைத் தாண்டும்போதெல்லாம், மகன் வந்துட்டாரா என்று கேட்கிறாள். நாளைக்கு என்று சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல சத்யப்ரியா போன் செய்தாள். நீ காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அங்கே பஸ்ஸும் இல்லை, நடந்து போகப் பாதையும் இல்லை, பால் தீர்ந்தாலும் நீ வருகிறவரை சும்மாதான் இருக்க வேண்டும், வாசலைத் தாண்டி ஒரு வாரம் ஆகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உன்னிடம் போனில் நானும் அப்படித்தான் சிரிக்கிறேன். நீ முதலில் அவளுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடு. அதுவரை சாயங்காலம் வெளியே கூட்டிப் போ. அலுப்பாக இருக்கிறது என்று சொல்லாதே.

அய்யா, ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். மார்ச் 31-க்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு தடவை வந்து போங்கள். நாலு நாள் போதும். ஏர்போர்ட்டில் இறங்கி நேரே வீட்டுக்குக் கார் பிடிக்காதே, பாண்டிராஜையும் வரச் சொல்லாதே. ஜங்ஷனுக்கு வந்துவிடு. கடைசி பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சு. சாயங்கால ரயிலுக்கு நம்மூருக்கு மூன்று டிக்கெட் எடுப்போம். ஏறுகிறவர்களைப் போல இறங்குகிறவர்களும் எண்ணிக்கையில் சேருவார்களாம். அந்தப் போலீஸ் பொண்ணிடமும் உன்னைக் காட்ட வேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா,
சோலையம்மாள்