அந்தோனியம்மாளின் வெள்ளைக் கவுன்கள்

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

பூசை முடிந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அந்தோனியம்மாள் கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "ஸ்கூல்ல சொல்லிட்டேன் லா. இனிமே என்னை ரிலீஃபுக்குக் கூப்பிடாதீங்கன்னு."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. போதும்னு தோணுச்சு."

போதும். அந்தச் சொல் புக்கிட் பாஞ்சாங்கில் என் வீட்டுக் கதவு வரை கூடவே வந்தது. இருவரும் ஒரே பள்ளியில் கணக்குக் கற்பித்தோம். ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றோம். விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பில் போய் நிற்கும் இந்த ரிலீஃப் வேலைக்கும் சேர்ந்தே பெயர் கொடுத்தோம். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் நான் உட்லண்ட்ஸ் பள்ளிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அவளுக்குப் போதும்.

எல்லாம் அந்தக் கவுன்களால் வந்தது. அவளுடைய இரண்டு பெண்களும் சிறுவயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று ஒரே ஒரு முறை போட்டவை. அதன் பிறகு வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தாள். வருகிற வாடகையில் இன்னொன்று, பிறகு இன்னொன்று. இப்போது அவள் வீட்டு ஸ்டோர் அறையே வெள்ளையாக இருக்கிறது. ஆரம்பத்தில் நான் சிரித்தேன். "என்னடி, துணிக்கடையா?" என்று கேட்டேன்.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

தவக்காலத்துக்குச் சீனியை விட்டுவிட்டேன். அந்தோனியம்மாளை நினைப்பதை விட்டிருந்தால் ஆண்டவருக்கும் எனக்கும் நல்லது.

2 மார்ச், சனி

அவளோடு தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். லேஸ் வாங்க வேண்டும் என்றாள். கடையில் புதிதாக வந்த கவுன்களைப் பரப்பிக் காட்டினார்கள்.

"பத்தா எடுத்தா விலை குறைச்சுத் தர்றேன் டீச்சர்."

"ஒண்ணு போதும். இது மொதல்ல தன் விலையச் சம்பாதிக்கட்டும். அப்புறமா வந்து இதோட தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்."

கடைக்காரர் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ரயிலில் மெதுவாகக் கேட்டேன், மீதி வாடகை எங்கே போகிறது என்று. ஒளிக்காமல் சொன்னாள். மாதாமாதம் ஒரு ஃபண்டில் தானாகவே போய் விழுகிறதாம். ஒரே கம்பெனி இல்லை, உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றின் பங்கிலும் ஒரு துளி.

"கோவிட் சமயத்துல எல்லாம் விழுந்துச்சே. என்ன பண்ணே?"

"கவுன் தோய்ச்சுக்கிட்டிருந்தேன்."

ஆறாம் வகுப்புத் தொட்டிக் கணக்குதான் இது. ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் வெளியேற்றுகிறது. தொட்டி எப்போது நிறையும்? இதை எத்தனை பிள்ளைகளுக்குக் கற்பித்திருப்பேன். அவளும் கற்பித்தாள். அவள் வீட்டுக்குப் போய் வெளியேறும் குழாயை மூடினாள். நான் வீட்டுக்குப் போய் நோட்டுத் திருத்தினேன்.

16 மார்ச், சனி

கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்கள் கூட்டம். நானும் அதில் ஒருத்தி. அடுத்த ஆண்டிலிருந்து புதுநன்மைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை அங்கியைக் கோயிலே கொடுக்கலாமா என்று ஃபாதர் கேட்டார். சிலர் தயங்கினார்கள். பெற்றோருக்கு ஆசை இருக்கும் அல்லவா?

நான் எழுந்தேன். வழக்கம்போல ஓர் உதாரணம் சொன்னேன். போன ஆண்டு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பக்கத்துப் பிள்ளையின் முத்து வைத்த கவுனையே பார்த்துக்கொண்டு, தன் முறை வந்தும் நகராமல் நின்றாள். அந்த நாளில் ஒரு குழந்தை எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். எல்லோரும் தலையசைத்தார்கள். முடிவாகிவிட்டது.

"ரொம்ப நல்லாப் பேசுனீங்க டீச்சர்" என்றாள் இளம் ஆசிரியை பெதானி.

உதாரணம் உண்மை. காரணமும் நல்ல காரணம். ஆனால் பேசும்போது என் கண்முன் இருந்தது அந்தப் பிள்ளையா? இல்லை — அந்த ஸ்டோர் அறை. வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். சந்தோஷமாக இருக்கிறது.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

கையில் ஓலையோடு அந்தோனியம்மாள் கோயில் வாசலில் நின்றாள்.

"நீதான் பேசினியாமே."

"பிள்ளைங்களுக்காகத்தான், அந்தோனி…"

"சரியாத்தான் பேசியிருக்கே. ஆனா மனசுல இது இருந்துச்சுன்னா, எங்கூட லேஸ் பார்க்க வந்தியே, அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

ஓலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கவுன் போனா நான் விழுந்துருவேன்னு நெனச்சியா? ஒவ்வொண்ணும் எப்பவோ தன் விலைய எடுத்துருச்சு. கடை இல்ல, கடன் இல்ல. நாளைக்கே சும்மா தூக்கிக் குடுத்தாலும் நஷ்டம் இல்ல. நீ கேட்டிருந்தா உனக்கே குடுத்திருப்பேன்டி."

போய்விட்டாள்.

அப்போ நான் எதைத்தான் ஒடைச்சேன்? அவ பணத்தத் தொட முடியல. எங்க சிநேகத்தத்தான் தொட்டேன். அவ முகம் வாடிப் போச்சு, ஆனா நிமிர்ந்துதான் நடந்து போனா. அந்த நடையும் எனக்குப் பொறுக்கல. என்ன மனுஷி நான்?

31 மார்ச், உயிர்ப்பு ஞாயிறு

அவள் எதிர்ப் பக்க வரிசையில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் யாரோ கைப்பையை வைத்தார்கள்.

19 ஜூலை, வெள்ளி

பள்ளியில் இன நல்லிணக்க நாள் கொண்டாட்டம். பிள்ளைகள் மற்ற இனத்தவரின் உடைகளை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு சீனப் பிள்ளை மட்டும் சாதாரண டி-சட்டையில் மூலையில் நின்றாள். பாவாடை சட்டை போட ஆசையாம். ஒரே நாளுக்கு எதற்கு வாங்க வேண்டும் என்றாராம் அம்மா.

பேத்திக்குச் சின்னதாகிப்போன பட்டுப் பாவாடைகள் இரண்டு என் அலமாரியில் சும்மா கிடக்கின்றன.

இரவுச் சாப்பாட்டில் ஜார்ஜிடம் சொன்னேன். "அந்தோனியம்மா செஞ்சதையே நீயும் செய்யப் போறியா?" என்றார்.

"ஆமாங்க. பொறாமைலதான்."

"அப்ப நல்லா செய்வே" என்றார் என் கணவர். ரசம் ஊற்றிக்கொண்டார்.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்குப் பாலர் பள்ளிகளில் கொண்டாட்டங்கள். இரண்டு பாவாடைகளும் வீடு வீடாகப் போய்வந்துவிட்டன. மூன்றாவது வாங்கும் அளவுக்கு வாடகை சேர்ந்தது. தேக்காவில் ஐந்து எடுக்கச் சொன்னார்கள். "ஒண்ணு போதும்" என்றேன். அது அவள் குரல். எரிச்சலாக வந்தது.

14 ஜனவரி 2025, செவ்வாய்

மாதாமாதம் ஃபண்டில் போட வங்கியில் ஏற்பாடு செய்தேன். அங்கிருந்த இளைஞன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "பத்து வருஷம் விட்டு வைக்கணும் ஆன்ட்டி. அப்ப உங்களுக்கு எழுபத்தாறு ஆயிடுமே?"

"போடலைன்னா மட்டும் அறுபத்தாறுலயே நிப்பேனா?"

நல்ல பதில். சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை. அவளிடம் சொன்னால் மேசையைத் தட்டிச் சிரிப்பாள். இப்போது யாரோடு சிரிக்கிறாளோ.

8 ஏப்ரல், செவ்வாய்

பங்குச் சந்தை விழுந்துவிட்டது. ஃபோனில் எல்லாம் சிவப்பு. காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போட்டது கொஞ்சம்தான். ஆனால் அது பாவாடை பாவாடையாகத் தோய்த்து, இஸ்திரி போட்டுச் சேர்த்தது. ஜார்ஜ், "பேசாம வித்துரு, மிச்சமாவது கெடைக்கும்" என்றார். விற்கும் பொத்தான் வரை போய்விட்டேன்.

என்ன நினைத்தேனோ, அந்தோனியம்மாளை அழைத்தேன்.

"சொல்லு மிரண்டா." நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவள் மாதிரி.

"எல்லாம் விழுதே, அந்தோனி. உனக்கு எவ்வளவு போச்சு?"

"தெரியல லா. நான் இன்னும் பார்க்கல."

"பார்க்கவே இல்லியா?"

"மீன் மார்க்கெட்ல நிக்கிறேன். கொடுவா நல்லா வந்திருக்கு. உனக்கும் ஒண்ணு சொல்லவா?"

பார்க்கக்கூட இல்லையாம்! என்னைவிட எத்தனையோ மடங்கு போட்டிருப்பவள், பார்க்கக்கூட இல்லை. வயிறு எரிந்தது.

"பெருசாப் பார்த்து எடு. நான் வர்றேன்" என்றேன்.

லிஃப்டுக்குள் நுழைந்த பிறகுதான் ஃபோனை மேசையிலேயே விட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.