ஐந்து மதிப்பெண் கேள்வி

அன்பு ஃபஸீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பூந்தமல்லி முதல் ஜப்பான் வரை வாழும் நம் குடும்பத்தார் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் வீட்டு மிக்ஸி நேற்று தேங்காய்ச் சட்னிப் பணியில் இருந்தபோது மௌத்தாகிவிட்டது. நல்லடக்கம் காயலான் கடையில். இது தம்பி சாஹில். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் சொல்வது அம்மா, எழுதுவது நான். அக்கா ஜப்பானில் செய்யும் ஹைட்ரஜன் வண்டியை ஓட்டும் எரிபொருள் மின்கலம் பற்றி இந்தத் தெருவிலேயே அதிகம் தெரிந்தவன் நான்தான், அக்காவுக்கு எழுத வேறு யாருக்குத் தகுதி? பீத்திக்காம எழுதுடா என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. இனி அம்மா.

நாங்கள் இருக்கிறோம், நீ நல்லா இருந்தால் போதும். கண்ணில் இன்னும் நீர் வடிகிறது, முட்டி மடங்கவில்லை, தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓட ஆளில்லை, சாஹில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செவிடாகிவிடுகிறான். அதை விடு. ஹைட்ரஜன் வண்டி ஆராய்ச்சியை உங்கள் கம்பெனி மூடுகிறது, எல்லாரையும் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டிப் பக்கம் மாற்றுகிறார்கள் என்று போனில் சொன்னாய். இத்தனை வருஷ உழைப்பும்மா, வந்துடவா என்று கேட்டாய். நான் சாப்டியா என்று கேட்டுவிட்டேன். உன் குரலில் அத்தனை களைப்பை நான் கேட்டதே இல்லை.

அத்தா மானத்துக்குப் பயந்துதான் நீ தயங்குகிறாய் என்று தெரியும். தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், என் பொண்ணு பண்ற வண்டில பொகையே வராது, பின்னால தண்ணிதான் சொட்டும் என்று அளக்கிறார். காட்டுப்பாக்கம் கஜபதி, அப்ப எங்க தெருவுக்கு ரெண்டு வண்டி இட்டுகினு வா பாய், தண்ணி லாரிய காணோம் என்கிறான். நேற்று அத்தாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஊசியில் நூல் கோத்தபடியே, வரட்டுமே, வண்டி ரிப்பேர்னு கஜபதிகிட்ட சொல்லிக்கறேன் என்றார். பிறகு உன் மாடி அறை ஃபேனைத் துடைக்கப் போனார். ஹைப்ரிட் பிடித்தால் இரு, பிடிக்காவிட்டால் வா. அம்பத்தூரில் இல்லாத கம்பெனியா? களைத்தவள் எங்கேயாவது உட்காரத்தான் வேண்டும்.

அல்லாஹ் உன் உடம்புக்கும் மனசுக்கும் பலம் தருவான். பார்சலில் கறி மசாலா இருக்கிறது, ஈரக் கரண்டியை உள்ளே விடாதே.

உன் அம்மா,
வஹீதுன்னிசா

பி.கு: கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அம்மா படுத்துவிட்டார், இது சாஹில். தெருவிலேயே அதிகம் தெரிந்தவன் என்று மேலே எழுதினேன் அல்லவா. பிளஸ் டூ திருப்புதல் தேர்வில், வேதியியலில், எரிபொருள் மின்கலத்தை விளக்குக என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. நம்ம ஊட்டு சப்ஜெக்ட்தானே என்று அதை மட்டும் படிக்காமல் போயிருந்தேன். பின்னால் தண்ணீர் சொட்டும் என்று எழுதினேன். ரேவதி டீச்சர் அரை மதிப்பெண் போட்டார், அதுவும் பாவம் பார்த்து. வந்துடுக்கா.