கடைசி வரி

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து நாலே பேர். எதிர்ச்சாரியில் புதிதாக வந்த கண்ணாடிக் கடையில் பெஞ்சு நிரம்பி, வாசலிலும் ஆள் நிற்கிறது. மச்சான் ஷட்டர் ஓரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி அவன், என் மனைவியின் தம்பி. கண் சோதிப்பது அவன், லென்ஸ் வெட்டிப் பொருத்துவது நான். பத்தொன்பது வருடக் கூட்டணி.

"அத்தான், நீங்க ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்கதான் எப்பவும் பின்னாடி ரூம்ல இருக்கீங்களே, உங்கள யாருக்குத் தெரியும்?"

வேவு பார்க்கவா? இந்த வயதில்? தலையாட்டிவிட்டேன். எனக்கு எப்போதும் தலையாட்டத்தான் வரும்.

மார்ச் 6, வியாழன்
கேட்டுக்கொண்டு வரவேண்டியவை: என்ன தள்ளுபடி, ஃபிரேம் யாரிடம் வாங்குகிறார்கள், எத்தனை நாளில் கொடுக்கிறார்கள். "மூஞ்சிய சாதாரணமா வெச்சுக்கோங்க" என்றான் மச்சான். என் மூஞ்சி வேறு எப்படி இருக்குமாம்?

மார்ச் 7, வெள்ளி
போகவில்லை. அங்கே ஒரே கூட்டம் என்று சொல்லித் தப்பித்தேன். அது பொய்கூட இல்லை.

மார்ச் 10, திங்கள்
போனேன். மானம் போயிற்று. மானம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை.

தள்ளுபடி கிடையாது. ஃபிரேம் நாங்கள் வாங்கும் அதே சரக்குதான், காதுக் கம்பியில் அச்சடித்திருந்த மாடல் எண்ணைப் பார்த்தேன். கண்ணாடி கைக்கு வர எங்களைவிட ஒரு நாள் கூடுதல். அப்புறம் எதற்கு இந்தக் கூட்டம்?

சும்மா வேடிக்கை பார்த்தால் சந்தேகம் வரும் என்று கண் சோதனைக்கு உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒரு புளுகு. தனி அறை, கதவைச் சாத்திவிடுகிறார்கள். சோதிக்கும் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். வலது கண் முடிந்தது. வலதை மறைத்துவிட்டு, "கடைசி வரி படிங்க சார்" என்றாள்.

மளமளவென்று சொன்னேன். "ர, ட, ப, வ, ய, க."

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "சார், நான் இப்ப போட்டிருக்கறது எழுத்தே இல்ல, நம்பர்."

நான் சொன்னது எங்கள் கடைச் சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரி.

"எந்தக் கடை சார் நீங்க? தொழில்ல இருக்கறவங்கதான் இப்படிப் படிப்பாங்க."

"எதிர்க்கடைதாம்மா."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும். இடது கண்ணுல நெஜமா எதுவரைக்கும் தெரியுது?"

மேலே ஒரு ஏழு. அதற்குக் கீழே எல்லாம் நடுவில் அழித்துவிட்ட மாதிரி. சுகர் உண்டா என்று கேட்டாள். எட்டு வருடமாக உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். "நாளைக்கே போங்க. அடுத்த வாரம்னு தள்ளாதீங்க."

வருடா வருடம் மச்சான் எனக்கும் சோதிப்பான். "கடைசி வரி சொல்லுங்க அத்தான்" என்பான். படிங்க என்றல்ல, சொல்லுங்க. நானும் சொல்வேன். "நூத்துக்கு நூறு!" என்று எழுதிக்கொள்வான். லென்ஸ் அளக்கும் கருவியில் நான் வைப்பது எப்போதும் வலது கண். இடது கண்ணை யார் கேட்டார்கள்? தெரிந்தேதான் ஒப்பித்தேனா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
சுகரால் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. கண்ணுக்குள் ஊசி போடவேண்டும், மாதம் ஒன்று. "போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. இன்னும் நாலு மாசம் விட்டிருந்தா அந்தக் கண்ண மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன், இவள் அழவில்லை. "என் தம்பிதானே பாத்தான்?" என்று மட்டும் கேட்டாள். போனை எடுத்தாள். "கூடவே இருக்கற மனுஷன் கண்ணு உனக்குத் தெரியல, வாசல்ல போர்டு வேற!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 12, புதன்
பயமா இருக்கு. ஊசிய நெனச்சு ராத்திரி எழுந்து உக்காந்துட்டேன். ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பாக்கறேன் — வலதும் போச்சுன்னா? லென்ஸ் வெட்டறதத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?

மார்ச் 14, வெள்ளி
ஊசி ஆயிற்று. பயந்த அளவுக்கு இல்லை.

மார்ச் 22, சனி
மச்சானிடம் வேவு பார்த்த விவரத்தை இன்றுதான் சொன்னேன். "அங்க தள்ளுபடி இல்ல. கதவு இருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. எங்கள் சோதனை நாற்காலி கடை நடுவில் இருக்கிறது, ஒட்டினாற்போல பெஞ்சு. உட்கார்ந்திருப்பவர் உரக்கப் படிக்கப் படிக்க, காத்திருப்பவருக்கு வரி மனப்பாடம். தன் முறை வந்ததும் ஒப்பித்துவிட்டுப் போகிறார். பத்து நாளில் தலைவலி என்று வந்து நிற்கிறார். ஃபிரேம் இறுக்கம் என்று நினைத்து, இத்தனை வருடம் நான் காதுக் கம்பியை வளைத்து வளைத்துக் கொடுத்திருக்கிறேன். அடக் கடவுளே, எத்தனை கம்பி!

"அப்ப நான் இவ்வளவு நாளா என்னத்தப் பாத்தேன் அத்தான்?"

"நீ மட்டுமா? நானும்தான்."

மதியம் அவன் சாப்பிடவில்லை. கோபம் எனக்கும் இருந்தது. அவன் மூஞ்சியைப் பார்த்ததும் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 29, சனி
நாற்காலி பின்னறைக்குள் போயிற்று. என் மேஜை முன்பக்கம் வந்து ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டது. எழுத்து மாறி மாறி வரும் திரை ஒன்றும் வந்தது. முதலில் என்னைத்தான் உட்காரவைத்தான். இடது கண்ணில் மேல் வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி தெரிகிறது.

ஏப்ரல் 3, வியாழன்
வாடிக்கையாளர் அட்டைகளையெல்லாம் மச்சான் மேஜைமேல் பரப்பினான். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு மறுபடி சோதிக்கப்போகிறானாம். முதல் போன் அவன் அக்காவுக்கு. மூன்று வாரமாக இவள் அவனோடு பேசவில்லை.

"அக்கா, வெச்சுடாத. நீ போட்டிருக்கற கண்ணாடி நான் குடுத்தது. சரியா குடுத்தேனான்னு எனக்கே தெரியல. ஒரு தடவ வந்து உக்காரு."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். என்னையும் பார்க்கவில்லை, நேரே பின்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "அவசரப்படாம பாரு" என்றாள்.

மச்சான் கதவைச் சாத்தினான். முக்கால் மணி நேரமாகியும் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்களிடம், இன்னும் கொஞ்சம் நேரமாகும், உட்காருங்கள் என்று சொன்னேன்.