இந்த வருடத்து வாலாட்டி

செப். 28
காலையிலேயே சாரல். பகவதியின் கட்டிலைப் பின்பக்க ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லிப் பதினொரு நாள்.

அவள் காத்திருப்பது வாலாட்டிக் குருவிக்கு. வருடா வருடம் பெருமழைக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து கிணற்றடித் துவைகல்லில் நிற்கும். சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு. ஒன்றே ஒன்று. இவளுக்கு அது 'அவன்'.

"அவன் வந்துட்டான்னா இந்த வருசமும் தாண்டிருவேன், பாத்துக்கிடுங்க."

"வருவாம்ட்டி." கட்டினவளிடம் வேறென்ன சொல்ல.

அக். 2
வெயில். கரண்டு கம்பியில் தகைவிலான், இருபதுக்கு மேல். பஞ்சுருட்டான் 4. வயலில் உள்ளான் 2. வாலாட்டி இல்லை.
பகவதி: இரண்டு வாய் கஞ்சி.

அக். 4
மூட்டம். வீட்டுப் பின்னால் நாற்றங்காலில் குருத்துப்பூச்சி. கும்பப்பூ சாகுபடிக்கு விட்ட நாற்று, இது போனால் நடவே இல்லை. அடுத்த வயல் தங்கையன் வரப்பில் நின்று, "அண்ணாச்சி, இன்னைக்கே குருணை மருந்தத் தூவிருங்க. மழை வந்தா நிக்காது." மணலில் கலந்து தூவினேன். மருந்து போட்டால், செத்த பூச்சியைத் தின்னாமல் இரண்டு நாள் தகரம் தட்டிக் கோழி குருவியை விரட்ட வேண்டும். தட்டவில்லை. பகவதி அப்போதுதான் கண் அசந்திருந்தாள்.

அக். 5
பல் தேய்க்கப் போனேன். நாற்றங்கால் தண்ணீரில் புழு பூச்சியெல்லாம் செத்து மிதந்தன. துவைகல்லுக்குக் கீழே அவன். மஞ்சள் வயிறு மேலே. வாலை விரலால் தொட்டுப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை. எத்தனை மலை தாண்டி வந்தது, என் வயலில் சாகவா? மடையன் நான். ஒரு தகரத்தைத் தட்ட வலிக்குமா? பட்ட காலிலே படும்.

வாழை மூட்டில் புதைத்தேன். கை கழுவி உள்ளே போனதும், "வந்தானா?"

"இல்லட்டி. மழை கழிஞ்சு வருவான்."

கஞ்சி வேண்டாம் என்றாள்.

அக். 6
நல்ல மழை. தங்கையன் குடையோடு வந்து, "நாத்து தப்பிச்சிட்டு அண்ணாச்சி!" சந்தோஷம் அவனுக்கு. எனக்கு ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் பகவதியே பேச்செடுத்தாள்.

"முந்தாநாள் சாயங்காலமே வந்துட்டான். முழிச்சுப் பாத்தேன், நாத்துக்குள்ள எறங்கி மேஞ்சிட்டிருந்தான். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பேசாம கெடந்தேன்."

ஜன்னலடியில் சாரல் நனைத்த தரையைத் துடைத்தேன்.

"நேத்து வாழ மூட்டுல குழி வெட்டினதையும் பாத்தேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள்:

"கட்டில சொவரப் பாக்கத் திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டேன்.